சேப்பாக்கத்தின் எந்தப் பந்துவீச்சை உங்கள் பிள்ளைக்கு முதலில் காட்டலாம்?

காரைக்குடிப் பக்கம் ஒரு பொட்டலில் சனி, ஞாயிறு காலைகளில் பிள்ளைகளுக்குப் பந்துவீசச் சொல்லிக்கொடுக்கிறேன். பயிற்சி முடிந்து கயிற்று மேட்டைச் சுருட்டும் நேரத்தில்தான் பெற்றோர்கள் பக்கத்தில் வந்து பேசுவார்கள். போன மாதம் பள்ளத்தூரிலிருந்து வரும் ஓர் அம்மா கேட்டார்: "தம்பி, இவன் எந்நேரமும் போன்ல பௌலிங் வீடியோதான் பாக்குறான். பாக்குறதுதான் பாக்குறான், உருப்படியா ஒரு மேட்ச் சொல்லுங்களேன், அதையே திரும்பத் திரும்பப் பாக்கட்டும்." அவர் பையனுக்குப் 13 வயது. மணிக்கட்டால் பந்தைத் திருப்பும் லெக் ஸ்பின் போடுகிறான்.

அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதே கேள்வியை வேறு வேறு விதமாக இன்னும் நாலைந்து பேர் கேட்டிருக்கிறார்கள். அதனால் உட்கார்ந்து யோசித்து, ஒவ்வொன்றாக எடை போட்டு எழுதுகிறேன்.

சேப்பாக்கத்தை விட்டு வெளியே போகவில்லை. லார்ட்ஸும் மெல்போர்னும் நம் பிள்ளைகளுக்கு வேறு உலகம். அங்கே பந்து ஆடும் விதமும் வேறு, குளிரும் வேறு. சேப்பாக்கத்தின் வெயில் நம் வெயில். விடிகாலையில் பல்லவனைப் பிடித்தால் மத்தியானம் எழும்பூரில் இறங்கிவிடலாம். அப்புறம் இன்னொன்று: அந்த மைதானம் தாங்கி நிற்பது எம்.ஏ.சிதம்பரத்தின் பெயர். கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் மகன். 1960களின் தொடக்கத்தில் இந்திய கிரிக்கெட் வாரியத்தின் தலைவர். அரண்மனையைத் தாண்டிப் பேருந்தில் போகும்போது இதைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

எல்லாரும் முதலில் பார்ப்பது விக்கெட் எண்ணிக்கையை. நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். என் அளவுகோல்கள் நான்கு.

அடி வாங்கினாரா? எனக்கு இதுதான் பெரிது. காரணம் நம் மேட். செம்மண்ணையும் சரளையையும் இறுக்கிய தரையில் கயிற்று மேட் விரித்து, ஓரத்தில் ஆணி அடித்து ஆடுகிறோம். அதில் விரலைக் கொஞ்சம் திருப்பினாலே பந்து கடித்துத் திரும்பும், எழும்பும். மேட் தளர்ந்து கிடந்தால் இன்னும் மோசம், சாதாரணப் பந்துகூடப் பாம்பு மாதிரி வளையும். 12 வயதுப் பையன் நாலு ஓவரில் அஞ்சு விக்கெட் எடுத்துவிடுவான். அதே பையனை மதுரைக்கோ திருச்சிக்கோ டர்ஃப் பிட்ச்சுக்கு (புல் வளர்த்து உருட்டிய தரை) கூட்டிப் போனால், முதல் நாள் அங்கே பந்து நேராகப் போகும், அடி விழும். அவன் முகம் சுருங்கிப் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். விக்கெட் எடுப்பதை மேட் அவனுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது. ஃபோர் போன பிறகு அடுத்த பந்தை எங்கே போடுவது என்பதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அதைத்தான் அவன் பார்க்க வேண்டும்.

பிட்ச் எவ்வளவு உதவியது? எல்லாவற்றையும் பிட்ச் செய்துகொடுத்த நாளில் பந்துவீச்சாளரின் மூளை வெளியே தெரியாது.

பிள்ளையின் உடம்பு அதைச் செய்யுமா? பார்த்ததை மறுநாளே செய்து பார்ப்பது பிள்ளைகளின் குணம். தோள், முழங்கை, முதுகு மூன்றும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிற வயது இது.

முழுசாகப் பார்க்கக் கிடைக்குமா? ஹைலைட்ஸில் விக்கெட் விழுந்த பந்து மட்டும் வரும். அதற்கு முந்தைய ஆறு பந்தை வெட்டிவிடுவார்கள். பாடம் இருப்பது அந்த ஆறு பந்தில்தான். எனவே ஒரு ஸ்பெல்லையாவது தொடர்ச்சியாகப் பார்க்க முடிகிற ஆட்டமாக இருப்பது நல்லது.

## நரேந்திர ஹிர்வானி, 1988: 16/136

பெற்றோர்கள் முதலில் சொல்லும் பெயர் இதுதான். நியாயம்தான். 19 வயதுப் பையன், கண்ணாடி போட்டவர், முதல் டெஸ்ட், எதிரே விவியன் ரிச்சர்ட்ஸ் தலைமையில் மேற்கிந்தியத் தீவுகள். முதல் இன்னிங்ஸில் 8/61 (61 ரன் கொடுத்து 8 விக்கெட்), இரண்டாவதில் 8/75. அறிமுக டெஸ்ட்டில் இதைவிடச் சிறந்த கணக்கு இன்றுவரை இல்லை. 1972இல் லார்ட்ஸில் பாப் மாஸி எடுத்த 16/137ஐ ஒரே ஒரு ரன்னில் தாண்டியது. இந்தியா 255 ரன்னில் ஜெயித்தது.

கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். இரண்டு இன்னிங்ஸும் சேர்த்து அவர் போட்டது 33 ஓவர் 5 பந்து. அதாவது 203 பந்தில் 16 விக்கெட். ஏறக்குறைய 13 பந்துக்கு ஒன்று. அந்த பிட்ச் முதல் நாளிலிருந்தே பொடிந்துகொண்டிருந்தது. கிரண் மோரே அந்த ஒரே டெஸ்ட்டில் 6 ஸ்டம்பிங் செய்தார், அதில் 5 இரண்டாவது இன்னிங்ஸில். அடித்துத் தப்பிக்கலாம் என்று இறங்கி வந்தவர்கள் பந்தைத் தவறவிட்டார்கள்.

இதைப் பார்ப்பதில் கிடைக்கும் நன்மை ஆசை. லெக் ஸ்பின் போட ஆரம்பித்து மூன்று மாதத்தில் அலுத்துப் போன பிள்ளைக்கு இதைப் போட்டுக் காட்டினால் மறுநாள் காலை அஞ்சரைக்கே மைதானத்தில் நிற்பான். மணிக்கட்டை அவர் எப்படி முறிக்கிறார், எதிர்ப்பக்கம் திரும்பும் கூக்ளிக்கு என்ன செய்கிறார் என்பதும் தெரியும்.

மறைந்திருக்கும் செலவு இதுதான்: 13 பந்துக்கு ஒரு விக்கெட் என்பது இயல்பு என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். நம் மேட் ஏற்கெனவே அப்படித்தான் நினைக்க வைத்திருக்கிறது. ஹிர்வானி மொத்தம் ஆடியதே 17 டெஸ்ட், எடுத்தது 66 விக்கெட். 1990இல் ஓவல் மைதானத்தில் ஒரு முனையிலிருந்து இடைவிடாமல் 59 ஓவர் போட்டார். அதற்குக் கிடைத்தது ஒரே ஒரு விக்கெட். அந்த 59 ஓவர் மீது எனக்குப் பெரிய மரியாதை. சென்னை ஆட்டத்தைக் காட்டுகிறவர்கள் ஓவல் கதையையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

எப்போது இது சரியான தேர்வு: ஆர்வம் குறைந்துபோன பிள்ளைக்கு. முதல் பாடமாக வேண்டாம்.

## ஹர்பஜன் சிங், 2001: 15/217

கொல்கத்தாவில் ஃபாலோ ஆன் வாங்கிய பிறகும் ஜெயித்த கையோடு சென்னைக்கு வந்தது இந்திய அணி. தோள்பட்டைக் காயத்தால் கும்ப்ளே தொடரிலேயே இல்லை. சுமை முழுவதும் 20 வயது ஹர்பஜன் தலையில். முதல் நாள் முடிவில் ஆஸ்திரேலியா 3 விக்கெட்டுக்கு 326. ஹேடன் ஸ்வீப் செய்தே களைப்படைய வைத்தார், கடைசியில் 203 எடுத்தார்.

இரண்டாம் நாள் காலையைத்தான் பிள்ளைகள் பார்க்க வேண்டும். 340க்கு 3 என்று இருந்த அணி 391க்குள் முடிந்தது. நேற்று முழுவதும் அடி வாங்கியவர் இன்று வந்து புதிதாக எதையும் செய்யவில்லை. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே, அதே லெங்த் (பந்து குத்தும் தூரம்), கூடுதலாக ஒரு துள்ளல். அவ்வளவுதான். 7/133. இரண்டாவது இன்னிங்ஸில் 41 ஓவர் 5 பந்து போட்டு 8/84, அதில் 20 மெய்டன். 20 மெய்டன் என்பதைப் பிள்ளையிடம் அழுத்திச் சொல்லுங்கள். ரன் கொடுக்காமல் காத்திருந்ததற்குக் கிடைத்த கூலிதான் அந்த 8.

155 ரன் இலக்கைத் துரத்தி 2 விக்கெட்டில் ஜெயித்தார்கள். மெக்ராத் பந்தைத் தட்டிவிட்டு ஓடி ஜெயிக்கும் ரன்னை எடுத்தவரும் ஹர்பஜன்தான்.

மறைந்திருக்கும் செலவு: இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 80 ஓவருக்கு மேல், 481 பந்து. 32 பந்துக்கு ஒரு விக்கெட். இதைப் பார்த்த பிள்ளை நெட்ஸில் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் போடுவான், தடுக்காவிட்டால். 13 வயதுத் தோளுக்கு அது ஆகாது. ஒரு காலைக்கு ஆறேழு ஓவருக்கு மேல் நான் போடவிடுவதில்லை. அடுத்து, கைகளைச் சுழற்றிக்கொண்டு வரும் அந்த ஆக்‌ஷன் அவருக்கே உரியது, நகல் எடுத்தால் முதலில் லைன்தான் கெடும்.

எப்போது இது சரியான தேர்வு: ஓரளவு லைன் பிடித்துவிட்ட, ஹர்பஜனைப் போல விரலால் சுழற்றும் ஆஃப் ஸ்பின்னருக்கு. பொறுமை இல்லாத பிள்ளைக்கு இதைவிட நல்ல மருந்து தெரியாது.

## சக்லைன் முஷ்டாக், 1999: 10/187

பாகிஸ்தானின் ஆஃப் ஸ்பின்னர். எண்ணிக்கையில் இந்தப் பட்டியலின் கீழ்ப்பக்கம் இருக்கிறது. என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

என் அக்கா மகனுக்கு இதைப் போட்டுக் காட்டிய ஞாயிறு நன்றாக நினைவிருக்கிறது. ஆஃப் ஸ்பின் போடுகிறவன். பட்டாலையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தான், மடியில் ஒரு கிண்ணம் பணியாரம். பாகிஸ்தான் ஜெயித்த ஆட்டம் என்று முன்னாலேயே சொல்லிவிட்டேன். "அப்ப எதுக்கு மாமா பாக்கணும்?" என்றான். "டெண்டுல்கர் 136 அடிச்சிருக்காரு, அவருக்குப் பந்து போட்ட ஆளைப் பாரு" என்றேன்.

இந்தியாவுக்கு இலக்கு 271. டெண்டுல்கருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஆனாலும் நயன் மோங்கியாவோடு சேர்ந்து ஆட்டத்தைக் கிட்டத்தட்ட முடித்துவிட்டார். சக்லைன் முதல் இன்னிங்ஸில் 5/94 எடுத்தவர். இப்போது அவரையே அடிக்கிறார்கள். அடி விழுந்த பிறகு அவர் முகத்தைக் காட்டும்போது நிறுத்தி, "இப்ப இவர் என்ன யோசிப்பாரு?" என்று கேட்டேன். "வேகமாப் போடுவாரு" என்றான். ஓடவிட்டோம். வேகமாகப் போடவில்லை. இன்னும் மேலே தூக்கிப் போட்டார்.

254 ரன்னில் டெண்டுல்கர் ஆட்டமிழந்தார். இன்னும் 17 ரன் போதும். லாங் ஆன் பக்கம் தூக்கப் பார்த்தார். பந்து எதிர்த்திசையில் திரும்பி மட்டையின் வெளி விளிம்பில் பட்டு வானத்துக்குப் போனது, வாசிம் அக்ரம் கீழே நின்று பிடித்தார். தூஸ்ரா. விக்கெட் காப்பாளர் மோயின் கான் ஸ்டம்புக்குப் பின்னால் நின்று "தூஸ்ரா போடு" என்று கத்தியதால்தான் அந்தப் பந்துக்கே அந்தப் பெயர் வந்தது என்பார்கள். கடைசி 4 விக்கெட் 4 ரன்னில் போனது. ஸ்ரீநாத்தை போல்ட் ஆக்கி சக்லைன் ஆட்டத்தை முடித்தபோது இந்தியா 258. தோல்வி 12 ரன்னில்.

பிறகு நடந்ததைப் பையன் எழுந்து நின்று பார்த்தான். ஜெயித்த பாகிஸ்தான் அணிக்குச் சேப்பாக்கம் எழுந்து நின்று கைதட்டியது. அவர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். நம் ஊர்க்காரர்கள் அன்று நடந்துகொண்ட விதம் எனக்கு இன்றும் நெஞ்சை நிறைக்கிறது. பந்துவீச்சைப் படிக்க உட்கார்ந்த பிள்ளை அதையும் பார்க்கட்டும்.

ஏன் இதற்கு முதலிடம்? என் முதல் அளவுகோலை இது அப்படியே நிறைவேற்றுகிறது. உலகின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் தன்னை அடித்துக்கொண்டிருக்கும்போது, பந்தைக் கையில் வாங்கி, லெங்த்தைச் சுருக்காமல் திரும்பவும் ஃப்ளைட் கொடுப்பது. நம் மேட் ஒருநாளும் கற்றுத்தராதது இதுதான்.

மறைந்திருக்கும் செலவும் பெரிது. அக்கா மகன் மறுநாளே தூஸ்ரா போட ஆரம்பித்துவிட்டான். அந்தப் பந்துக்கு மணிக்கட்டையும் தோளையும் ஒரு மாதிரி முறுக்க வேண்டும். தெரியாமல் போட்டால் முழங்கை மடங்கும், ஐ.சி.சி. விதிப்படி 15 டிகிரிக்கு மேல் கை நீண்டால் த்ரோ. அந்தப் பழக்கம் சின்ன வயதில் ஒட்டிக்கொண்டால் பிற்பாடு எடுப்பது பெரும்பாடு. ஆகவே இந்த ஆட்டத்தைக் காட்டும்போதே, "தூஸ்ராவைப் பார், போடாதே" என்று கறாராகச் சொல்லிவிட வேண்டும். அவன் பழையபடி ஆஃப் பிரேக்குக்குத் திரும்ப எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

எப்போது இது சரியான தேர்வு: மேட்டில் சுலபமாக விக்கெட் எடுத்துப் பழகி, டர்ஃப்பில் முதல் அடி வாங்கப்போகும் எந்த ஸ்பின்னருக்கும்.

## அனில் கும்ப்ளே, 2004: 13/181

நம் தரைக்கு மிக நெருக்கமான பந்துவீச்சு இது. அதை விளக்க நான் ஒரு வேலை செய்வேன். பழைய வீட்டு முகப்பில் ஆத்தங்குடிக் கல்லின் மேல் டென்னிஸ் பந்தைச் சுழற்றிப் போடச் சொல்வேன். பந்து திரும்பாது, வழுக்கிக்கொண்டு நேராக ஓடும். அதே பந்தை வாசலில் இறங்கிச் செம்மண்ணில் போட்டால் கடித்து எழும்பும். "கல்லுல போட்டாலும் ஆளை ஏமாத்தணும்னா என்ன செய்வே?" என்று கேட்பேன். வேகத்தையும் உயரத்தையும் மாற்றுவது ஒன்றே வழி என்று கொஞ்ச நேரத்தில் அவர்களே சொல்லிவிடுவார்கள். கும்ப்ளே வாழ்நாள் முழுவதும் செய்தது அதைத்தான். பந்து அதிகம் திரும்பாது. வேகமாக வந்து, எதிர்பாராத உயரத்தில் எழும்பி, மட்டையின் மேல் விளிம்பையோ கால் காப்பையோ தேடும்.

சென்னையில் ஆஸ்திரேலியா முதல் நாள் 2 விக்கெட்டுக்கு 189. அங்கிருந்து 235க்கு மொத்தமாகச் சுருண்டது. கும்ப்ளே 17 ஓவர் 3 பந்தில் 7/48. இதைத்தான் எல்லாரும் பகிர்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது இரண்டாவது இன்னிங்ஸ். டேமியன் மார்ட்டினும், முந்தைய மாலை காவலுக்கு இறங்கிய ஜில்லெஸ்பியும் சேர்ந்து 139 ரன் சேர்த்துவிட்டார்கள். ஒரு பந்துவீச்சாளர் காலை முழுவதும் போட்டும் எதிரே நிற்பவர்களின் மட்டையைத் தாண்ட முடியவில்லை என்றால் எப்படி இருக்கும் என்று பிள்ளைகள் பார்க்க வேண்டும். கும்ப்ளே 47 ஓவர் போட்டார், 6/133. அந்த நான்காம் நாள் அக்டோபர் 17, அவருடைய 34ஆவது பிறந்தநாள். இந்தியாவுக்கு 229 இலக்கு, விக்கெட் இழப்பின்றி 19 எடுத்திருந்தபோது ஆட்டம் நின்றது. ஐந்தாம் நாள் மழை. ஒரு பந்துகூட வீச முடியாமல் டிரா.

மறைந்திருக்கும் செலவு: கும்ப்ளேவைப் பார்த்துப் பழகும் சின்ன லெக் ஸ்பின்னர், பந்தைத் திருப்புவதையே விட்டுவிடக்கூடும். வேகமாகப் போட்டால் மேட்டில் உடனே பலன் கிடைக்கும், அதனால் ஆசையும் கூடும். அவர் உயரமானவர், துள்ளல் அவருக்கு அங்கிருந்து வருகிறது. நாலே முக்கால் அடிப் பையனுக்கு அது வராது. 13 வயது வரை பந்து திரும்பட்டும், வேகம் பிறகு வரட்டும்.

எப்போது இது சரியான தேர்வு: லெக் ஸ்பின் திரும்பத் தொடங்கிவிட்ட பிள்ளைக்கு, உழைப்பு என்றால் என்ன என்று காட்ட.

## அஷ்வின் 2013, ஜடேஜா 2016

இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடலாம்.

அஷ்வின் சென்னையிலேயே வளர்ந்தவர். 2013இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 7/103, 5/95. அந்த ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவின் 20 விக்கெட்டையும் ஸ்பின்னர்களே எடுத்தார்கள். பிட்ச் நிறையவே உதவியது, தோனியின் 224 மேலே தாங்கி நின்றது. படமும் தெளிவாக இருக்கும், ஸ்லோ மோஷனில் விரல் பந்தை விடுவதைக்கூடப் பார்க்கலாம். பந்து காற்றில் மிதந்து விலகுவதைக் கற்க இதுவே போதும். செலவு என்னவென்றால், அஷ்வின் ஒவ்வொரு ஆறு பந்திலும் ஆறு விதம் காட்டுவார். ஒரே இடத்தில் போடத் தெரியாத பிள்ளை அதைப் பார்த்தால் குழம்பும்.

ஜடேஜா இடக்கைப் பிள்ளைகளுக்கு. 2016 டிசம்பர், வர்தா புயல் சென்னையைக் கடந்து ஒரு வாரம்கூட முழுசாக ஆகவில்லை, மைதானத்தைத் தேற்றி ஆட்டத்தை ஆரம்பித்தார்கள். கருண் நாயர் 303 எடுத்து ஆட்டமிழக்காமல் நிற்க, இந்தியா 759. கடைசி நாள் இங்கிலாந்து விக்கெட் இழப்பின்றி 103, டிரா என்றுதான் எல்லாரும் நினைத்தோம். 207க்கு முடிந்துவிட்டது. ஜடேஜா 7/48. பேர்ஸ்டோவுக்குப் பின்னோக்கி ஓடிப் பிடித்த கேட்ச்சையும் தவறவிடாதீர்கள். எளிமையான ஆக்‌ஷன், ஸ்டம்பை நோக்கிய லைன், பிள்ளை உடம்பு தாங்கும். நான் இந்தப் பட்டியலில் தைரியமாக "நகல் எடு" என்று சொல்லும் ஒரே பந்துவீச்சு இது.

## வேகப்பந்துப் பிள்ளைகளுக்கு

சேப்பாக்கம் என்றால் சுழல் என்று ஆகிவிட்டது. வேகமும் அங்கே விளைந்திருக்கிறது. 1975இல் ஆண்டி ராபர்ட்ஸ் 7/64, 5/57 என்று 12 விக்கெட் எடுத்தும் அவருடைய மேற்கிந்தியத் தீவுகள் அணி இந்தியாவிடம் 100 ரன்னில் தோற்றது. அந்த முதல் இன்னிங்ஸில்தான் விஸ்வநாத் 97 எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். 1980இல் பாகிஸ்தானுக்கு எதிராகக் கபில் தேவ் 4/90, 7/56, போதாததற்கு மட்டையில் 84. நான் மேலே சொன்ன அதே 1999 ஆட்டத்தில் வெங்கடேஷ் பிரசாத் 6/33, அதில் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் 18 பந்தில் 5 விக்கெட். பெரிய வேகமே இல்லை, விரலால் பந்தை அறுத்துவிட்டதுதான்.

ஆனால் ஒன்றே ஒன்று காட்டச் சொன்னால் 2021இல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஆண்டர்சன் போட்ட ஒரே ஓவர். 38 வயது, ஐந்தாம் நாள், பழைய பந்து. தேய்ந்த பந்து காற்றில் எதிர்த்திசையில் வளையும் ரிவர்ஸ் ஸ்விங்கில் சுப்மன் கில் போல்ட், அதே ஓவரில் ரஹானே போல்ட். ஐந்து நிமிடம்தான் ஆகும். செலவு ஏறக்குறைய இல்லை. மேட்டில் பந்து சீக்கிரம் தேய்ந்துவிடுவதால், ஒரு பக்கத்தை மட்டும் பளபளப்பாக வைத்திருக்கும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு உடனே பயன்படும்.

## ஒரே பார்வையில்

| பந்துவீச்சாளர் | ஆண்டு, எதிரணி | கணக்கு | முடிவு | அடி வாங்கினாரா | யாருக்கு | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|---|---|
| ஹிர்வானி | 1988, மே.இ. தீவுகள் | 16/136 | வெற்றி | குறைவு | ஆர்வம் குறைந்த லெக் ஸ்பின்னர் | சுலபம் என்ற நினைப்பு |
| சக்லைன் | 1999, இந்தியா | 10/187 | வெற்றி | நிறைய | டர்ஃப்புக்குப் போகும் எந்த ஸ்பின்னரும் | தூஸ்ரா ஆசை, முழங்கை |
| ஹர்பஜன் | 2001, ஆஸ்திரேலியா | 15/217 | வெற்றி | நிறைய | பொறுமை இல்லாத ஆஃப் ஸ்பின்னர் | அளவுக்கு மீறிய ஓவர்கள் |
| கும்ப்ளே | 2004, ஆஸ்திரேலியா | 13/181 | டிரா | இரண்டாம் இன்னிங்ஸில் | திருப்பத் தெரிந்த லெக் ஸ்பின்னர் | சுழலை விட்டு வேகத்துக்கு ஓடுவது |
| அஷ்வின் | 2013, ஆஸ்திரேலியா | 12/198 | வெற்றி | ஓரளவு | மூன்று நான்கு வருடம் பழகியவர் | குழப்பம் |
| ஜடேஜா | 2016, இங்கிலாந்து | 10/154 | வெற்றி | முதல் இன்னிங்ஸில் | இடக்கைப் பிள்ளைகள் | பெரிதாக இல்லை |

வினூ மன்கட்டைப் பட்டியலில் சேர்க்கவில்லை. 1952இல் இங்கிலாந்துக்கு எதிராக 8/55, 4/53. இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது அந்த ஆட்டத்தில், சேப்பாக்கத்தில்தான். பந்து பந்தாகப் பார்க்க வழியில்லாததுதான் காரணம். வீட்டில் கிரிக்கெட் பைத்தியமான ஐயாக்கள் இருந்தால் அவர்கள் வாயால் கேட்க வையுங்கள்.

## எப்படிப் பார்ப்பது

சத்தத்தை நிறுத்திவிடுங்கள். வர்ணனையாளர் சொல்லிவிட்டால் பிள்ளை யோசிக்காது. கையில் ஒரு நோட்டு. ஒவ்வொரு விக்கெட்டுக்கும் முந்தைய மூன்று பந்து எங்கே விழுந்தது என்று மட்டும் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும். ஒரே ஆட்டத்தை ஒரு மாதம் வைத்துக்கொள்ளலாம். ஆறையும் ஒரே வாரத்தில் பார்த்த பிள்ளைக்கு ஒன்றும் ஒட்டாது.

அக்கா மகனின் நோட்டில் சக்லைன் பக்கத்தில் டெண்டுல்கர் விக்கெட்டுக்கு ஒரு புள்ளிதான் இருக்கிறது. ஃபோர் போன பந்துகளுக்கு அவனாகவே சிவப்பில் வட்டம் போட்டு, பக்கத்தில் அடுத்த பந்து எங்கே என்று அம்புக்குறி போட்டிருந்தான். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

பள்ளத்தூர் அம்மாவுக்குப் போன ஞாயிறு பதில் சொன்னேன். அவர் பையன் லெக் ஸ்பின்னர், பந்து நன்றாகத் திரும்புகிறது, அடுத்த மாதம் மதுரையில் டர்ஃப்பில் ஆடப்போகிறான். முதல் இரண்டு வாரம் சக்லைன். அதற்கப்புறம் கும்ப்ளே, அதிலும் எல்லாரும் அனுப்பும் 7/48 வேண்டாம், அந்த 47 ஓவர், 6/133. மார்ட்டினும் ஜில்லெஸ்பியும் ஆடிக்கொண்டே இருக்கிற பகுதியிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னேன். "விக்கெட்டே விழாத இடமா தம்பி?" என்று கேட்டார். ஆமாம், அங்கிருந்துதான்.